அத்தியாயம் 6: கழிப்பதா, வெட்டுவதா? கடலோர வீட்டு மரங்களைக் கையாளும் முறை

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்த அன்றைக்குத்தான் மரம் வெட்டுபவரின் போன் ஓயாமல் அடிக்கும். அன்றைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் கேட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டும். அவருக்கோ அடுத்தடுத்து நாலு வீடு காத்திருக்கும். மரத்தைச் சுற்றிவந்து பார்க்க நேரமில்லாமல் மேலே ஏறி மொட்டை அடித்துவிட்டு இறங்கிவிடுவார். மழை தொடங்கியபின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

எனவே இந்த அத்தியாயத்தின் முதல் விதி: மரத்தைப் பற்றிய முடிவை ஆவணியில் எடுங்கள், வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். இரண்டாவது விதி: அரிவாளை எடுக்கும் முன் மரத்தின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். கடலோரத்தில் மரம் விழுவதற்கான காரணம் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. நாமோ கிளையைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடலோரத்தில் மரம் ஏன் சாய்கிறது?

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கரையோரத் தெருக்களில் மண் பெரும்பாலும் மணல். மணல் வேரை இறுக்கிப் பிடிக்காது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்துக்கு ஏறிவிடும். நீரில் ஊறிய மண்ணில் காற்று இல்லாததால் வேர் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் படர்கிறது. பொதுவாகவே மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான் இருக்கும். கடலோரத்தில் தாங்கும் வேர்களும் ஆழம் போக முடியாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன.

காற்றின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மரத்தைத் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் லேசாக ஆடிய மரத்தை 120 கிலோமீட்டர் காற்று நாலு பங்கு பலத்தோடு தள்ளும்.

'ஆடிக் காற்றிலேயே நின்ற மரம், புயலுக்கா விழும்?' என்று பலர் தைரியமாக இருப்பார்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அப்போது மண் காய்ந்து கெட்டியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் வரும்போது மண் சேறாகக் குழைந்திருக்கும், காற்றும் வேறு திசையில் அடிக்கும். புயலின் கண் கடந்துபோகும் இடத்தில் காற்று சிறிது நேரம் அடங்கிப் பிறகு எதிர்த்திசையிலிருந்து மோதும். முதல் அடியில் வேர் தளர்ந்த மரம் இரண்டாவது அடியில் சாயும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. தெருவை அடைத்துக் கிடந்தவற்றில் மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகிய மூன்றும் அதிகம் கண்ணில் பட்டன. மூன்றும் சீக்கிரம் வளர்ந்து பெரிய தலை விரிப்பவை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே, கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் அழித்தது. எந்த மரமும் புயலுக்கு விலக்கு இல்லை.

ஆனால் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பல மரங்களில் வேர் ஒரு பக்கம் இல்லவே இல்லை. மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டியபோது வெட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் வேர்கள் தண்டைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். நாற்றங்கால் பையில் சுருண்ட வேரைப் பிரிக்காமல் நட்டதன் விளைவு அது. இன்னும் சிலவற்றுக்குத் தண்டை ஒட்டி சிமெண்டுத் தளம் போடப்பட்டிருக்கும். இந்த மூன்றும் வீட்டுக்காரர் கண்முன்னேயே நடப்பவை. தண்டின் குறுக்களவைப் போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் பள்ளம் தோண்ட விடாதீர்கள். மூன்று மடங்குக்குள் வேரை வெட்டினால் மரம் நிற்பதே சந்தேகம். ஒன்றரை அடி குறுக்களவுள்ள வேம்புக்கு நாலரை அடிக்குள் கடப்பாரை போகக் கூடாது, ஏழரை அடி வரை எச்சரிக்கை தேவை.

சோதிக்கும் வரிசை: அடியிலிருந்து நுனிக்கு

மரத்தைச் சுற்றி நடந்து, கீழிருந்து மேலாகப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. மண். சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்திருக்கிறதா, மேலே தூக்கியிருக்கிறதா? காற்றடிக்கும் நாளில் தண்டின் அடியோரம் கையை வைத்தால் மண் அசைவது தெரிகிறதா? தெரிந்தால் அது அவசரக் கேஸ்.

2. சாய்வு. சின்னக் கன்றிலிருந்தே வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம், நுனியில் மறுபடி நிமிர்ந்து வளர்ந்திருக்கும். அப்படி வளைந்து நிமிர்ந்த மரம் தன் சாய்வுக்கு ஏற்ப வேர் விட்டிருக்கும், பயமில்லை. அடியிலிருந்து நுனிவரை நேர்கோடாகச் சாய்ந்து, மண்ணும் வெடித்திருந்தால் அது புதிய சாய்வு. இந்த வருஷமே முடிவெடுங்கள்.

3. அடித்தண்டு. தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? பட்டை உரிந்து கறுத்திருக்கிறதா? மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். 'டப் டப்' என்ற வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே பொந்து. பொந்து இருப்பதாலேயே வெட்ட வேண்டியதில்லை. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டிக் கட்டை சுற்றிலும் இருந்தால் மரம் பெரும்பாலும் தாங்கும். இரண்டடி குறுக்களவுள்ள தண்டுக்கு நாலு அங்குலச் சுவர் வேண்டும். ஒரு பக்கம் திறந்த பொந்துக்கு இந்தக் கணக்கு போதாது.

4. கவை. ஒரே பருமனுள்ள இரண்டு தண்டுகள் 'வி' வடிவில் நெருங்கி, நடுவில் பட்டை உள்ளே மடிந்திருந்தால் அந்த இடம் பிளக்கும். பெருங்கொன்றையிலும் தூங்குமூஞ்சியிலும் இது சகஜம்.

5. தலை. காய்ந்த கிளை, ஒடிந்து தொங்கும் கிளை, கூரைமேல் நீண்ட ஒற்றைக்கிளை, பழைய வெட்டிலிருந்து கொத்தாக எழுந்த போத்துகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. விழுந்தால் எங்கே விழும்? ஆள் படுக்கும் அறையின் மேலா, காம்பவுண்டுச் சுவரிலா, காலி இடத்திலா? கொல்லைக் கோடியில் நிற்கும் பொந்து மரம் ஆந்தைக்கும் கிளிக்கும் வீடாக இருக்கட்டும். அதே மரம் குழந்தைகள் விளையாடும் இடத்தில் நின்றால் கதை வேறு.

இலை கருகியதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கடல் காற்றின் உப்பு படிந்தால் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் இலை நுனியிலிருந்து கருகும். மழைக்காலம் முடியும்போது வேப்பமரம் முழுவதும் நுனி கருகி நிற்பதைச் சில ஆண்டுகளாகத் தமிழ்நாடு எங்கும் பார்க்கிறோம். பூஞ்சையும் தேயிலைக் கொசுவும் சேர்ந்து செய்யும் வேலை இது. பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் துளிர்த்துவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.

சோதனை முடிந்தால் முடிவு தானாக வரும். மண்ணும் அடித்தண்டும் சரியாக இருந்து தலையில் மட்டும் குறை என்றால் கழிக்கலாம். மண்ணிலோ அடித்தண்டிலோ கோளாறு, விழும் இடத்தில் வீடு என்றால் வெட்டத்தான் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 'எதற்கும் கொஞ்சம் கழித்துவிடுவோம்' என்பது தேவையில்லாத காயம்.

கழிக்கும் முறை

வேண்டாத கிளையை அடையாளம் காண்பது எளிது: காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, கூரையைத் தொடுவது. இவற்றை எடுத்தாலே பல மரங்களுக்குப் போதும். அதற்கு மேலும் எடுக்க வேண்டியிருந்தால், ஒரு வருஷத்தில் பச்சைத் தலையில் கால் பங்கைத் தாண்டாதீர்கள். வயதான மரத்துக்கு அதுவும் அதிகம்.

கை மொத்தத்துக்கு மேலான கிளையை மூன்று வெட்டாகத்தான் எடுக்க வேண்டும். கூரைமேல் நீளும் வேப்பங்கிளை ஒன்றை வைத்துக்கொள்வோம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை சற்றே உப்பி, வளையம்போல் மடிந்திருப்பதைப் பாருங்கள். அதைக் கிளையின் கழுத்து என்போம்.

முதல் வெட்டு, கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி. பருமனில் மூன்றில் ஒரு பங்கு அறுத்ததும் நிறுத்துங்கள். இரண்டாவது வெட்டு, அதற்கு நாலு விரல் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை ஒடிந்து இறங்கும். பட்டை உரிந்துகொண்டு வந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். கனமான கிளை என்றால் இந்த வெட்டுக்கு முன்பே கயிறு கட்டி, கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது வெட்டு, மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்குச் சற்று வெளியே, கழுத்தில் படாமல். முதல் வெட்டை விட்டுவிட்டு மேலிருந்து மட்டும் போட்டால், கிளை தன் பாரத்தில் இறங்கும்போது தண்டின் பட்டையை இரண்டடி மூன்றடி உரித்துக்கொண்டு போகும். அந்தக் காயம் மூட வருஷக் கணக்காகும். அடிவெட்டு போட அரிவாள் உதவாது, கைரம்பம் வேண்டும்.

கழுத்தை ஏன் தொடக்கூடாது? அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். மரம் நம் தோலைப்போல் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்க்கிறது என்று அவர் காட்டினார். அந்தச் சுவருக்கான ஏற்பாடு கழுத்தில் இருக்கிறது. கழுத்தோடு சேர்த்து 'வழவழவென்று' அறுத்தால் தண்டுக்குள் அழுகல் இறங்கும். ஒரு சாண் கட்டையை விட்டுவைத்தாலும் அது காய்ந்து அழுகலுக்கு வழிவிடும்.

வெட்டிய இடத்தில் தார், சாணி, பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்துவைப்பதுதான் மிச்சம். மாவில் நோய்க்கிளையை எடுத்தபின் போர்டோ பசை பூசச் சொல்வது பூஞ்சைக்கான மருந்து, அது தனி.

மொட்டை அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "மேல அப்படியே கட் பண்ணிரலாம் சார், மூணு வருஷத்துக்குத் தொந்தரவு இருக்காது" என்று சொல்வார்கள். முதல் மழைக்கே வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்து கிளம்பும். அவை பட்டைக்கு அடியிலிருந்து எழுபவை, உள்கட்டையில் வேரூன்றியவை அல்ல. இரண்டு மூன்று வருஷத்தில் பழைய உயரத்தை எட்டும். இதற்குள் வெட்டுவாய் அழுகியிருக்கும். அழுகிய கட்டையின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும் கனத்த போத்து, அடுத்த புயலில் முதல் ஆளாகப் பிய்த்துக்கொண்டு வரும். உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலைக்கொத்து விடுவதும் இதே அளவுக்குக் கெடுதல். பாரம் நுனிக்குப் போய்க் கிளை ஒடியும். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், நுனியை அதன் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள ஒரு பக்கக்கிளை வரை மட்டும் பின்வாங்கி வெட்டுங்கள்.

மரத்துக்கு மரம் காலம் மாறும். மாவை அறுவடை முடிந்ததும் ஆடி, ஆவணிக்குள் கழிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்துப் பூ போய்விடும். முருங்கை எளிதில் ஒடியும் மரம், மழைக்கு முன் குட்டையாக வெட்டிவிட்டாலும் துளிர்த்துவிடும். மொட்டை விதிக்கு அது விலக்கு. சித்திரை முதல் ஆனி வரை காகம் கூடு கட்டும் காலம். கழிப்பதற்கு முன் கூட்டையும் குஞ்சையும் பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

தென்னைக்குத் தனிக் கணக்கு

தென்னைக்கு ஆணிவேரும் இல்லை, கிளையும் இல்லை. அதற்கு இருப்பது ஒரே குருத்து. குருத்து போனால் மரம் போச்சு. எனவே தென்னையில் 'கழிப்பது' என்றால் மூன்றுதான்: முற்றிய காய், காய்ந்த மட்டை, பன்னாடையும் பாளையும்.

அறுபது அடி உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நடைபாதைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே குலை தொங்கினால் முற்றுவதற்காகக் காத்திருக்காதீர்கள், இளநீராகவே இறக்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காயையும் அடிவரிசைப் பழைய மட்டையையும் எடுத்துத் தலைப்பாரத்தைக் குறைக்கலாம். பச்சை மட்டையைச் சுத்தமாகச் சிரைத்து நடுவில் நாலு ஓலை மட்டும் விடுவது தவறு. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும்தான் பாளை வருகிறது, மட்டை போனால் அந்தக் குலையும் இல்லை. தவிர, பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்டினால், தண்டிலிருந்து நாலடி அடிமட்டையை விட்டு வெட்டுங்கள்.

கூன்வண்டு புகுந்த மரத்தில் தண்டில் ஓட்டையும், அதிலிருந்து பழுப்பு நீரும், மென்று துப்பிய நாரும் தெரியும். காதை ஒட்டி வைத்தால் உள்ளே புழு கறண்டும் சத்தம் கேட்கும். இன்னொன்று அடித்தண்டழுகல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் முதலில் கவனிக்கப்பட்டதால் இதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். கடலோர மணலில் அதிகம் வரும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசியும், மட்டைகள் சோர்ந்து தண்டோடு தொங்கும், கடைசியில் அடியில் காளான் தட்டு தோன்றும். இந்த இரண்டில் ஒன்று முற்றிய தென்னை, காற்றே இல்லாத நாளில்கூட முறியலாம். வீட்டருகே நின்றால் அதை வெட்டுவதுதான் வழி. நோய்த் தென்னையில் ஏறி வெட்டச் சொல்லி எந்த ஆளையும் வற்புறுத்தாதீர்கள். கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கம்பியும் அனுமதியும்

மின்கம்பியிலிருந்து பத்தடிக்குள் கிளை இருந்தால் அது உங்கள் வேலையோ கூலியாள் வேலையோ இல்லை. மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். மின்னகம் எண் 94987 94987. அவர்கள் லைனை நிறுத்தி, நிறுத்தியதை உறுதி செய்தபின்தான் ஏற வேண்டும். 'கவர் போட்ட ஒயர்தான்' என்ற பேச்சை நம்பாதீர்கள், கடல் காற்றில் உறை வெடித்திருக்கும். அலுமினிய ஏணி, இரும்புத் தொரட்டி, நனைந்த கயிறு மூன்றும் கம்பியருகே எமன்.

உங்கள் வாசலில் நிழல் தந்தாலும் தெருவில் நிற்கும் மரம் உங்களுடையது அல்ல. அதில் கை வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். சென்னையில் 1913 என்ற எண்ணில் மாநகராட்சியிடம் சொல்லலாம். பொது இடத்து மரத்தை வெட்டும் கோரிக்கைகளை மாவட்டப் பசுமைக் குழு பரிசீலிக்கிறது. பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தன மரம் தானாக முளைத்து உங்கள் மனைக்குள்ளேயே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. சொந்த மனையின் பிற மரங்களுக்கும் உள்ளூர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக் கிளை உங்கள் மொட்டைமாடிக்கு வந்தால் முதலில் பேசுங்கள், கூலியைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் பார்ப்பதும் பேசி முடிப்பதும்

"மரத்தை நானே எடுத்துக்கிறேன், வெட்டுக்கூலி வேணாம்" என்று ஒருவர் சொன்னால் லாபம் என்று நினைக்கத் தோன்றும். பூவரசுக்கும் வேம்புக்கும் மரவாடியில் விலை உண்டு. கட்டையில் காசு பார்ப்பவர் கிளையைக் கழித்தால் போதும் என்று சொல்லமாட்டார். வெட்டலாமா வேண்டாமா என்ற முடிவை, வெட்டினால் லாபம் அடைபவரிடம் விடாதீர்கள். முதலில் கூலிக்குப் பேசுங்கள். கட்டை யாருக்கு என்பதைத் தனியாகப் பேசுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

• எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு? சுண்ணாம்பால் அடையாளம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.
• ஏறுபவருக்குப் பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட், கண்ணாடி உண்டா? கயிறு நைலானா, புதிதா? உப்புக் காற்றில் கிடந்த பழைய கயிறு உள்ளே இற்றுப்போயிருக்கும்.
• கீழே கயிறு பிடிக்கத் தனி ஆள் உண்டா?
• ஓடு, தண்ணீர்த் தொட்டி, சுவர் உடைந்தால் யார் பொறுப்பு? ஆளுக்கு விபத்துக் காப்பீடு உண்டா?
• தழையும் கட்டையும் அள்ளுவது கூலியில் சேர்த்தியா? அடிக்கட்டையைத் தோண்டுவதும் சேர்த்தியா?

ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மோட்டார் ரம்பத்தோடு ஏணியில் நின்று வெட்டுபவரையும், ஒரு கையால் ரம்பம் பிடிப்பவரையும் உடனே இறக்கிவிடுங்கள். அன்றைய கூலி நஷ்டமானாலும் பரவாயில்லை.

வெட்டும் நாள்

திறந்த வெளியில் அடியோடு சாய்ப்பதற்கு, மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரை யாரும் இல்லாத இடம் வேண்டும். விழ வேண்டிய பக்கத்தில் வாய் வெட்டு. எதிர்ப்பக்கத்தில் அதைவிடச் சற்று உயரமாகப் பின் வெட்டு. இரண்டுக்கும் நடுவில், தண்டின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விட்ட கட்டை. அந்தக் கட்டைதான் கதவுக் கீலாக நின்று மரத்தை ஒரே திசையில் இறக்குகிறது. முழுவதும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும்.

அரை கிரவுண்டு மனையில் அந்த இடம் கிடையாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். ஒரு அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். அதை அப்படியே போட்டால் சிமெண்டுத் தளமும் அடியில் போகும் கழிவுநீர்க் குழாயும் உடையும். மூன்றடித் துண்டுகளாக, கயிற்றை ஒரு கவையிலோ பக்கத்து மரத்திலோ சுற்றி மெதுவாக விட வேண்டும். வேலை முடியும்வரை கேட்டைப் பூட்டுங்கள், குழந்தைகளையும் நாயையும் உள்ளே வையுங்கள், காரைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோங்கள். காற்று எழுந்தாலும் தூறல் விழுந்தாலும் நிறுத்துங்கள்.

புயலுக்கு மறுநாள்

விழுந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்து. அடியில் மின்கம்பி சிக்கியிருக்கலாம், மின்வாரியம் சொல்லும்வரை கிட்டே போக வேண்டாம். வில்லாக வளைந்து அழுந்தியிருக்கும் கிளையை அறுத்தால் தெறித்து முகத்தில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், பாரம் குறைந்த வேர்க்கட்டி சடாரென்று நிமிர்ந்து தன் குழிக்குள் போய் உட்காரும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது.

சாய்ந்த இளமரத்தைக் காப்பாற்ற முடியும், ஆனால் நாள் கடத்தக் கூடாது. வேரை ஈரச்சாக்கால் மூடுங்கள். ஒடிந்த வேரைச் சுத்தமாக வெட்டி, குழியை அகலமாக்கி நிமிர்த்தி, மண்ணிட்டு மிதித்து, மூன்று பக்கமும் கயிறு கட்டுங்கள். கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க இடையில் சைக்கிள் டியூப் வையுங்கள். உப்பு நீர் தெறித்த செடிகளின் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

வெட்டிய இடத்தில்

தென்னையின் அடிக்கட்டையையும் மக்கும் தண்டையும் கொல்லையில் போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, தெருவிலுள்ள எல்லாத் தென்னையிலும் குருத்தைக் குடையும். தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். தழையை எரிக்காமல் நறுக்கி மற்ற மரங்களின் அடியில் மூடாக்காக இடலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. தோண்டிய குழியை மணலும் மண்ணுமாக அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும். உள்ளே வேர் மக்க மக்க இடம் உள்வாங்கும், அதன்மேல் உடனே சுவர் எழுப்ப வேண்டாம்.

அங்கேயே மறுபடி அதே தவறைச் செய்யாதீர்கள். பெரிய மரத்துக்கும் சுவருக்கும் இருபது அடி விடுங்கள். தென்னை மட்டையே பதினைந்து அடிக்கு மேல் நீளும் என்பதால் தென்னைக்கும் அதே இடைவெளி வேண்டும். உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் பழகிய புன்னை, பூவரசு, புங்கன் நல்ல தேர்வு. இடம் குறைவென்றால் கொய்யா, எலுமிச்சை, பவழமல்லி போதும். நடும்போது பையைக் கிழித்துச் சுருண்ட வேரைப் பிரித்தோ வெட்டியோ விடுங்கள்.

ஆண்டு அட்டவணை

• தை, மாசி: கருகிய மரம் துளிர்க்கிறதா என்று கவனிக்கவும். வெட்ட அவசரப்பட வேண்டாம்.
• சித்திரை முதல் ஆனி: கூடு கட்டும் காலம். காய்ந்த கிளை, அபாயக் கிளை மட்டும்.
• ஆடி: காற்றில் எது ஆடுகிறது, எது ஒடிகிறது என்று குறித்துக்கொள்ளவும். மா கழிக்கவும்.
• ஆவணி: அடியிலிருந்து நுனிவரை முழுச் சோதனை, அனுமதி, ஆள் பேசுவது.
• புரட்டாசி: கழிப்பது, வெட்டுவது, தென்னையில் காயும் காய்ந்த மட்டையும் இறக்குவது.
• ஐப்பசி முதல் மார்கழி: ரம்பத்தைத் தொட வேண்டாம். சாய்வை மட்டும் கவனிக்கவும்.

சாய்வைக் கவனிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஆவணியிலும் ஒரே இடத்தில் நின்று, பின்னால் சுவர் மூலையோ விளக்குக் கம்பமோ தெரியும்படி மரத்தைப் போனில் படமெடுங்கள். போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டால், இந்த வருஷம் எந்த மரத்துக்கு ஆள் கூப்பிட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.